குளிக்கத் தடை என்றால் எங்களுக்குக் கூட்டம்

குற்றாலத்தில் சீசனுக்குப் பாடப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. சாரல் நன்றாகப் பிடித்து, மெயின் அருவியில் தண்ணீர் அளவாக விழுந்தால் எங்களுக்குக் கூட்டம் கிடையாது. வந்த சனம் பூராவும் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அருவியடியில்தான் நிற்கும். அதே மழை மலைமேல் கொஞ்சம் கூடிப்போய், பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டத் தொடங்கினால், போலீஸ் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றிவிடும். குளிக்கத் தடை. அன்றைக்குப் போக்கிடம் இல்லாத கூட்டம் துண்டும் கையுமாக நாங்கள் பாடும் ரிசார்ட்டுக்குள் வந்து உட்காரும். வளைவை இங்கே ஆர்ச் என்பார்கள். மத்தியானம் எங்கள் டிரம்மர் போன் போட்டு, "அக்கா, ஆர்ச்சுக்கு மேல தண்ணி போவுது" என்றால், இன்றைக்கு ஆள் இருக்கும் என்று அர்த்தம். நான் இருப்பதில் நல்ல புடவையாக எடுத்து வைப்பேன்.

நான் ஜாஸ் பாடுகிறவள். இதை எங்கள் ஊர் மேலகரத்தில் விளக்கிச் சொல்லும் முயற்சியை விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் "இங்கிலீஷ் பாட்டு படிக்கா" என்கிறார்கள். போலீஸில் இருக்கும் என் தம்பி, கூட வேலை பார்ப்பவர்களிடம் அக்கா மியூசிக் டீச்சர் என்று சொல்லிவைத்திருக்கிறான். சென்னையில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். சாயங்காலம் அங்கே வாசிக்கும் குழுவின் பாடகி ஒருநாள் வரவில்லை. கவுன்டருக்குப் பின்னால் நின்று நான் முணுமுணுப்பதைக் கேட்டிருந்த பியானோக்காரர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். அதன்பிறகு சென்னை, பெங்களூர் ஹோட்டல் லாபிகளிலேயே வயது போய்விட்டது. பிறகு அந்த லாபிகளுக்கு டிஜேக்கள் வந்தார்கள், நான் ஊருக்கு வந்தேன். ஊரில் வாடகை இல்லாத வீடு இருந்தது. அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

ரிசார்ட்டின் முதலாளி இலத்தூர்க்காரர். தென்னந்தோப்பாக இருந்த குடும்ப நிலத்தில் அறைகள் கட்டி, நடுவில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடமும் கட்டியவர். கொச்சியில் ஏதோ ஹோட்டலில் தங்கியபோது ஒரு பெண் மைக் முன்னால் நின்று மெதுவாகப் பாடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். நம்ம இடத்திலும் அப்படி ஒன்று இருந்தால் கௌரவமாக இருக்குமே என்று தோன்றி, விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார். என்னைவிட வயதில் மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை மேடம் என்பார். மரியாதைக்குக் குறைவில்லை. மேடையை மட்டும் தோசைக் கவுன்டருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார்.

நாங்கள் மூன்று பேர். டிரம்மர் தென்காசியில் ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கும் கடை வைத்திருக்கிறவர், ஞாயிறு காலை சர்ச்சில் வாசிப்பார். பேஸ் கிடார் வாசிக்கிறவன் மலைக்கு அந்தப்பக்கம், புனலூர். சீசனில் வெள்ளிக்கிழமை ரயிலில் செங்கோட்டை வந்து இறங்குவான். ரிசார்ட்டில் ஊழியர்கள் அறையில் படுத்துக்கொள்வான். ஞாயிறு திரும்பிப் போவான். முன்பு கீபோர்டுக்கும் ஒருவர் இருந்தார், அவர் கோயம்புத்தூர் போய்விட்டார். ஆகவே என் பாட்டுக்குக் கீழே தரை என்று இருந்தது பேஸ் மட்டும்தான். அவன் ஒரு கம்பியைச் சுண்டினால் அதன்மேல் நான் காலை ஊன்றிக்கொள்வேன். இந்த வட்டாரத்தில் இந்த சங்கீதத்தை வாசிக்கத் தெரிந்த ஆட்கள் எனக்குத் தெரிந்து நாங்கள் மூன்று பேர்தான்.

மேடையைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் மெதுவான தாளத்தில் பாடிக்கொண்டிருப்பேன், தோசை மாஸ்டர் வேறு தாளத்தில் கல்லைச் சுரண்டிக்கொண்டிருப்பார். அவர் தாளம் தப்பவே தப்பாது, எங்கள் டிரம்மருக்கே சில சமயம் தடுமாறும். அருவியிலிருந்து வருகிறவர்கள் ஈரத் துண்டைக் காயப்போட இடம் தேடுவார்கள். ஸ்பீக்கர்மேல் போடுவார்கள். ஒருநாள் ஒரு பெரியவர், நான் பாடிக்கொண்டிருக்கும்போதே, ரொம்பப் பணிவாக என் மைக் ஸ்டாண்டில் துண்டைப் போட்டுவிட்டு நகர்ந்தார். எப்போதும் யாருக்காவது பிறந்தநாள் இருக்கும். பாட்டின் நடுவில் கேக் வரும், நாங்கள் உடனே பிறந்தநாள் பாட்டுக்கு மாறவேண்டும். மாறினால் அப்போதுதான் கைதட்டல் விழும்.

ஜாஸில் வார்த்தையை விட்டுவிட்டு வெறும் ஓசைகளை அடுக்கிக்கொண்டே போகும் இடம் ஒன்று வரும். கச்சேரியில் கற்பனை ஸ்வரம் பாடுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் இதில் ஸ்வரத்தின் பெயர்கூடக் கிடையாது. வாய்க்கு வந்ததுதான். போன வருஷம் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு பாடிக் கண்ணைத் திறந்தால், முன்வரிசையிலிருந்த ஒரு அம்மா எழுந்து என் முகத்துக்கு நேராகப் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். திரையில் அந்தப் பாட்டின் வரிகள். நான் வரி மறந்து உளறுகிறேன் என்று நினைத்துத் தேடி எடுத்திருக்கிறாள்.

"பாத்துப் படிங்கக்கா. எல்லாத்துக்கும் வாரதுதான்" என்றாள்.

ராயகிரியிலிருந்து வந்திருந்தாள். பாட்டு முடியும் வரை கை வலிக்க அந்தப் போனைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நானும் பார்த்துப் பாடினேன். வேறென்ன செய்வது? அன்றைக்கு மேடையிலிருந்து இறங்கும்போது சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது சிரிப்பு போய்விட்டது.

இதெல்லாம் சேர்ந்து என்னைக் களைக்கவைத்துவிட்டது. களைப்பு என்று நான் சொல்வது தொண்டைக் களைப்பை அல்ல. ஐம்பது தாண்டிய தொண்டை, அது தன்பாட்டுக்குத் தேய்கிறது, அதற்கு வெந்நீரும் மிளகும் கொடுத்துச் சமாளிக்கலாம். செவிடன் காதில் சங்கு ஊதுவதுபோல வருஷக்கணக்கில் ஊதிக்கொண்டிருந்தால், ஊதுகிறவளுக்கே இது சங்குதானா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. கேட்க ஆளில்லாத வருத்தம் என்றால் இரண்டு நாளில் ஆறிவிடும். எனக்கு அது எரிச்சலாக மாறி, எரிச்சல் என் குணமாகவே ஆகிவிட்டது. கடையில் மீதிச் சில்லறை தருகிறவன் நிமிர்ந்து பார்க்கவில்லை என்றால்கூட, இந்த ஊரில் யாருக்கும் காது கிடையாது என்று முணுமுணுப்பேன்.

அப்படியானால் விட்டுவிடலாமே என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம், கூடத்தில் மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், நாங்கள் மூவரும் ஒத்திகை பார்ப்போம். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ரிசார்ட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் புனலூர்க்காரன் மலையைத் தாண்டி வர ஒரு காரணமும் இல்லை. டிரம்மர் ஃபிளெக்ஸ் கடையோடு நின்றுவிடுவார். வீட்டில் தனியாக உட்கார்ந்து பாட எனக்கு வராது, அந்தப் பழக்கமே இல்லை. ஆகவே அந்த வேலை போய்விடக்கூடாது என்பதில் நான் குறியாக இருந்தேன்.

இந்த சீசன் முடியப்போகும் சமயம் அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், வர்ற சனிக்கெழம நானே ஒக்காந்து முழுசாக் கேக்கலாம்னு இருக்கேன். அடுத்த சீசனுக்கு வேணுமா வேண்டாமான்னு அதுக்குப் பொறவு சொல்லுதேன். பார்ட்னர்மாருவ கேக்காவ, பதில் சொல்லணும்லா."

"கூட்டம் நம்ம கையில இல்லையே அண்ணாச்சி" என்றேன்.

"தெரியும். இருந்தாலும் பாக்கணும்லா."

அந்த வாரம் முழுவதும் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை வேண்டும் என்று விவசாயிகூட அப்படி வேண்டியிருக்க மாட்டான். சனிக்கிழமை காலையிலேயே மலை கறுத்துக் கிடந்தது. மத்தியானம் டிரம்மர் கூப்பிட்டார். "அக்கா, மெயின்லயும் தடை, ஐந்தருவியிலயும் தடை. ஆர்ச்சே தெரியலையாம்" என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷம் அருவியடியில் ஏமாந்து நின்றவர்களுக்குக் கேட்டிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள்.

சாயங்காலம் கூடத்தில் நாற்காலி போதவில்லை. பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலையில் எண்ணெய் காயாதவர்கள், கோபமாக இருக்கிறவர்கள், ரம்புட்டான் தோலை உரித்துத் தட்டில் போட்டுக்கொண்டிருப்பவர்கள். அண்ணாச்சி மூலை மேஜையில் வெள்ளைச் சட்டையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். தோசைக் கவுன்டரை அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லியிருந்தார். நான் அவரை நன்றியோடு பார்த்தேன்.

மூன்று பாட்டு வேகமாகப் போனது. பிள்ளைகள் ஆடின. நாலாவதாக நான் மெதுவான ஒன்றை எடுத்தேன். எனக்கு மிகவும் பிடித்தது, ஆகவே இங்கே அதிகம் பாடாதது. கூடம் அடங்கிக்கொண்டே வந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தியது எனக்குத் தெரிந்தது. ஒரு குழந்தை அப்பா தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு என்னையே பார்த்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு குரல் சொன்னபடி கேட்டது. மேல் சுரத்தைத் தொடும்போது பயம் வரவில்லை. பாட்டின் நடுவில் வார்த்தையை விட்டு ஓசைக்குப் போனேன், யாரும் போனை நீட்டவில்லை. நான் அப்போது சந்தோஷமாக இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போது அது மறைந்துவிடும்.

முதலில் வாசலோரம் ஒருவர் போனைப் பார்த்துவிட்டு எழுந்தார். பிறகு அவர் மனைவி. பிறகு அடுத்த மேஜை. "ஏட்டி, தண்ணி கொறஞ்சிட்டாம், விடுதாங்களாம்" என்று ஒரு பெண் தன் தங்கையிடம் சொன்னது மைக் வரைக்கும் கேட்டது. அதோடு சரி. நாற்காலிகள் இழுபட்டன, துண்டுகள் தேடப்பட்டன, ஸ்பீக்கர்மேல் கிடந்ததை ஒருவர் என்னைத் தாண்டிக் கையை நீட்டி எடுத்துக்கொண்டார். தோளில் சாய்ந்திருந்த குழந்தையை அதன் அப்பா அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினார். அது வாசல் வரை என்னைப் பார்த்துக்கொண்டே போனது. பாட்டு முடியும்போது கூடத்தில் அண்ணாச்சியும், முன்னால் போனைப் பிடித்துக்கொண்டிருந்த டிரம்மரின் மனைவியும், தட்டுகளைப் பொறுக்கும் ஆட்களும், ஒரு மேஜையில் தூங்கிவிட்ட ஒரு தாத்தாவும்தான் இருந்தார்கள்.

அண்ணாச்சி எழுந்து வந்தார். அவருக்கே சங்கடமாக இருந்தது. மற்ற இருவரும் வயரைச் சுற்றிக்கொண்டிருக்க, என்னை வாசல் பக்கம் அழைத்துப் போனார்.

"மேடம், தப்பா எடுத்துக்கிடாதீங்க. நீங்க நல்லாத்தான் பாடுதீங்க. சனம் கொஞ்ச நேரம் அசையாம இருந்துச்சே, நான் பாத்தேன். ஆனா இந்த டிரம்மு, அந்தப் பெரிய கிடாரு இதெல்லாம் எதுக்கு? எடத்தையும் அடைக்கி. இப்பம் மியூசிக்கு பென்டிரைவுலயே வருதுல்லா. அதப் போட்டுட்டு அடுத்த சீசன் நீங்க மட்டும் இங்கன வந்து நின்னு பாடுங்க. சீசன் பூரா உங்களுக்குத்தான்."

நான் நினைத்துப் போனது வேறு. வேண்டாம் என்பார் அல்லது சரி என்பார் என்றிருந்தேன். பாதியாக வெட்டிக் கொடுப்பார் என்று நினைக்கவில்லை. வாக்குவாதம் பண்ணத் தெம்பு இல்லாவிட்டாலும் பதில் தயாராக இருந்தது.

"மூணு பேருன்னா வாரேன் அண்ணாச்சி. நான் மட்டும்னா வரலை."

"யோசிச்சுச் சொல்லுங்களேன்."

"யோசிச்சாச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். நான் நிமிர்ந்துதான் நின்றேன். வேலை போய்விட்டது என்பது காருக்குள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஆனாலும் உள்ளே ஒரு நிம்மதி. என் ஆட்களை விட்டுக்கொடுக்கவில்லை. வேறு ஏதாவது ரிசார்ட்டு, ஏதாவது கல்யாண மண்டபம், இல்லை என்றால் என் வீட்டு முன்னறையில்கூட மூன்று பேரும் வாசிக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு ஓட்டினேன்.

மறுநாள் காலை புனலூர்க்காரனைச் செங்கோட்டை ஸ்டேஷனில் விட நானே போனேன். ரயிலுக்கு நேரம் இருந்தது. வெளியே ஒரு டீக்கடையில் நின்றோம். அவனுக்கு நாற்பது இருக்கும். அதிகம் பேசமாட்டான், பேசினால் பாதி மலையாளம். என்னைச் சேச்சி என்பான். நடந்ததை எல்லாம் சொன்னேன். என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். பாராட்டுவான் என்று எதிர்பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவன் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

"சேச்சி, என்ன செஞ்சு வச்சிருக்கீங்க" என்றான்.

"ஏம்லே?"

அவன் இடது கையை நீட்டினான். கம்பியை அழுத்திப் பிடிக்கும் கை. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்பக்கமாக லேசாக மடங்கியிருந்தன. நிமிர்த்திக் காட்ட முயன்றான், அவை பாதி வரைதான் வந்தன.

"இந்த ரெண்டு விரலும் எனக்கு இல்ல. நரம்பு போயி. போன சீசனுக்கு முன்னையே போயி. டாக்டர் இனி வாசிக்க வேண்டாம்னு பறஞ்சாச்சு. மத்த ரெண்டு விரல வச்சு எப்படியோ ஒப்பேத்திட்டு இருந்தேன்."

போன சீசனும் இந்த சீசனும் அவன் வாசிப்பு குறைந்துகொண்டே வந்தது எனக்குத் தெரியும். முன்பு ஓடுகிற இடங்களில் நின்றான், நிற்கிற இடங்களில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டான். எனக்கு இடம் விடுகிறான் என்று நினைத்தேன். வயது ஏற ஏற இவனுக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று டிரம்மரிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

"பின்ன எதுக்குலே மலையத் தாண்டி வந்துட்டு இருந்த?"

"நான் வரலேன்னா சேச்சி பாடறத நிறுத்திடுவீங்கன்னு பயம். கீபோர்டும் இல்ல. நானும் போனா எப்படி?" என்றான். டீயை மறுபடி எடுத்துக்கொண்டு, "இந்த சீசன் முடிஞ்சதும் சொல்லணும்னுதான் இருந்தேன். இப்ப திரும்பப் போயி அண்ணாச்சிகிட்ட சரின்னு சொல்லுங்க. பென்டிரைவு ஆனா என்ன, நீங்க பாடினா மதி, அது போதும்" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் வருவதற்கு நியாயமில்லை, ஆனாலும் அவன்மேல்தான் முதலில் வந்தது. சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவன் சிரித்து, "சேச்சிக்குக் காது நல்ல காதாச்சே, தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். தெரிஞ்சும் சொல்லாம விட்டுருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றான். அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அப்படி நம்பியிருக்கிறான். ரயில் வந்தது. பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு ஏறினான். நான் கையை ஆட்டினேன்.

அண்ணாச்சிக்கு இன்னும் போன் செய்யவில்லை. செய்வேனா என்று தெரியவில்லை.

சனிக்கிழமைக் கச்சேரியை டிரம்மரின் மனைவி முன்னால் உட்கார்ந்து போனில் பதிவு செய்திருந்தாள். திங்கட்கிழமை மத்தியானம் அனுப்பியிருந்தாள். என் பதிவுகளை நான் ஒரே விதமாகத்தான் கேட்பேன்: என் குரல் எங்கே இறங்கியது, எங்கே மூச்சு வாங்கியது. இந்தத் தடவை இயர்போனை மாட்டிக்கொண்டு பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். அந்த மெதுவான பாட்டில், கூட்டம் இன்னும் முழுசாக உட்கார்ந்திருந்த நேரத்தில், அவன் ஒரு சுரத்துக்குப் போகிறான். விரல் பதியவில்லை. கம்பி டப் என்று ஒரு செத்த சத்தம் போடுகிறது. மறுபடி போகிறான், மறுபடியும் அதே சத்தம். மூன்றாவது தடவை அதை விட்டுவிட்டுக் கீழே இருக்கும் சுரத்திலேயே நின்றுகொள்கிறான். போனில் பிடித்த பதிவிலேயே அது அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. நான் அவனிடமிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றிருந்தேன். பதிவில் என் குரல் அந்தச் சத்தத்தின் மேலேயே ஏறி, கொஞ்சமும் தயங்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு நான் ரொம்ப நன்றாகப் பாடியிருக்கிறேன்.